விரிப்பின் மறுமுனையில் பெரியக்கா

பட்டாசு என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. வாய் நிறையக் கூப்பிடுகிற மாதிரி ஒரு நல்ல பெயர்தான் வைத்தார்கள். அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அட்டைக்கு வெளியே அதை யாரும் சீண்டுவதில்லை. அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். நகரத்தில் எந்தெந்த ஓட்டலில் ஆட்கள் காசு கொடுத்துத் தூங்குகிறார்களோ அத்தனை இடத்துப் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் வந்து குவியும். துவைக்க இயந்திரம் உண்டு, உலர்த்த இயந்திரம் உண்டு. மடிக்கிற இயந்திரத்தின் விலையைக் கேட்டு முதலாளிக்குத் தலை சுற்றியதால், மடிப்பதற்கு மட்டும் மனிதர்கள் உண்டு.

இரட்டைக் கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. முனைக்கு ஒருவராக எதிரெதிரே நின்று, மூலைகளைப் பிடித்து, கைகளைத் தலைக்கு மேலே தூக்கி ஒரே வீச்சாக வீச வேண்டும். உள்ளே காற்று புகுந்து, சுருக்கமெல்லாம் விட்டுப்போய், விரிப்பு தானாகவே சமமாக இறங்கும். அப்புறம் மடித்து, எதிரே நடந்து வந்து, மூலையை மூலையோடு சேர்க்க வேண்டும். மற்றவர்கள் வீசினால் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். இவள் வீசினால் 'டப்' என்று வெடிக்கும். புதிதாக வந்த ஒரு காவலாளி முதல் நாள் அந்தச் சத்தத்துக்கு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவள் பட்டாசு.

அந்த விரிப்பின் மறுமுனையில் பல வருஷமாக நின்றவள் பெரியக்கா. பட்டாசின் புருஷனுக்குக் கூடப்பிறந்த மூத்தவள். நாத்தனார்தான். தன் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அவள்தான் முதலில். பிறகுதான் தம்பி பெண்டாட்டியையும் இழுத்துப் போட்டாள். "நாத்தனாரோட வீட்லயும் இருந்து, வேலையிலயும் இருந்து, இன்னும் பைத்தியம் பிடிக்காம நடமாடுற ஒரே பொம்பளை நான்தான்" என்று பட்டாசு அடிக்கடி சொல்வாள். பெரியக்காவின் காதுபடவே சொல்வாள். "புதுசா எங்கடி பிடிக்கப் போகுது" என்பாள் பெரியக்கா, விரிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்படி ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்கள் நடுவில்தான் அந்தப் பதவி வந்து விழுந்தது. மடிப்புப் பகுதியின் பழைய சூப்பர்வைசர் முட்டிவலி தாங்காமல் வேலையை விட்டுப் போனார். அடுத்தது பெரியக்காதான் என்று, உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரையர்காரர் உட்பட எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். முதலாளியோ வந்து நின்று, தொண்டையைக் கனைத்து, "இனிமே பட்டாசுதான் சூப்பர்வைசர்" என்றார். பட்டாசுக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி மறுமுனையைப் பார்த்தாள். பெரியக்கா மூலையைச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி நல்ல மனுஷன். தினமும் காலையில் யாராவது உற்சாகமாகப் பேசுகிற பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சி போவார். அதனால் அவருடைய காதும் காலும் நன்றாக முன்னேறியிருந்தன. தொழில்தான் இருந்த இடத்திலேயே இருந்தது. புது சூப்பர்வைசரையும் அதே வழியில் முன்னேற்றிவிடுவது என்று, தலைமைப் பண்புக்கான ஒருநாள் வகுப்பு ஒன்றுக்கு அவளை அனுப்பி வைத்தார்.

அங்கே கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி பேசினார். "உங்களைச் சுத்திப் பாருங்க! குழாய், கதவு, எறும்பு, எல்லாம் உங்களுக்கு ஏதோ சொல்லிக்கிட்டே இருக்கு. தினம் ஒண்ணை எடுங்க. உங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்க. நீங்களும் வளருவீங்க, அவங்களும் வளருவாங்க!" மற்றவர்கள் கை தட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் அங்கேயே மறந்துவிட்டுப் போனார்கள். நம் பட்டாசுக்கு எதையும் பாதியாகச் செய்யத் தெரியாது. அதுதான் வந்த வினை.

மறுநாள் காலை, வேலை தொடங்கும் முன்னால், ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். எல்லோரையும் முன்னால் நிற்க வைத்தாள்.

"அந்த மூலையில இருக்கிற குழாயைப் பாருங்க. சொட்டுச் சொட்டா விழுந்தே ஒரு வாளியை நிரப்பிடுது. பொறுமைன்னா அது. நாமளும் அப்படித்தான்..."

"அது பொறுமை இல்லம்மா, வாஷர் போயிடுச்சு" என்றார் டிரையர்காரர். "மாத்தச் சொல்லி நானும் கத்திக்கிட்டே இருக்கேன்."

இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்? மறுநாள் எறும்பு. எப்படி வரிசையாகப் போகிறது பாருங்கள் என்றாள். அந்த வரிசை தன் சாப்பாட்டு டப்பாவுக்குத்தான் போகிறது என்று கண்டுபிடித்த ஒருத்தி அலறிக்கொண்டு ஓடினாள். அதற்கு அடுத்த நாள் போக்குவரத்து விளக்கு. அப்புறம் லிஃப்ட். அப்புறம் குடை. குடையைப் பற்றிப் பேசிய அன்றைக்கு, கூட்டத்திலேயே உயரமான ஒட்டடைக்குச்சி நின்றபடியே தூங்கி முன்னால் இருந்தவர் மேல் சாய்ந்தான். பாவம், அவனைக் குறை சொல்ல முடியாது. கேட்டவர்களுக்குக் காதில் ரத்தம் வராத குறைதான். காலைப் பேச்சுக்கு 'மருந்து' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "மருந்து குடுத்தாச்சா?" என்று தாமதமாக வருகிறவர்கள் வாசலிலேயே விசாரித்துவிட்டு, இல்லை என்றால் இன்னொரு சுற்று சுற்றிவிட்டு வந்தார்கள்.

வீட்டிலும் விடவில்லை. புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பேச்சுக் குறைவு, சாப்பாடு அதிகம். ஒரு நாள் அவர் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றுகொண்டிருக்க, பட்டாசு கன்னத்தில் கை வைத்து அவரையே உற்றுப் பார்த்தாள்.

"என்னடி அப்படிப் பாக்குற?"

"நாளைக்கு என்ன சொல்றதுன்னு தெரியலைங்க. உங்ககிட்ட ஏதாவது கிடைக்குமான்னு பாக்குறேன்."

"என்னை விட்டுடு தாயே" என்று தட்டை எடுத்துக்கொண்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துப் பெரியக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தால் பட்டாசுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் பதவி வந்த பிறகு பெரியக்காவின் வாயிலிருந்து 'அடியே' போய்விட்டது. "சரிங்க மேடம்", "ஆகட்டும் மேடம்", அவ்வளவுதான். வீட்டிலும் அதே கதை. "மேடம் குளிச்சுட்டாங்களான்னு கேட்டுச் சொல்லுடா தம்பி" என்பாள், பட்டாசு எதிரிலேயே நின்றுகொண்டிருக்கும்போது. ஒவ்வொரு 'மேடமும்' சுருக்கென்று குத்தியது.

"பொறாமை. வேற என்ன? தனக்குக் கிடைக்கலையேன்னு வயித்தெரிச்சல்" என்று புருஷனிடம் குமுறினாள் ஒரு விடுமுறை நாளில். அவர் வேனுக்குக் கீழே படுத்திருந்தார். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் வாயைத் திறந்த ஆம்பிளைக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் பேச்சை மாற்றுவதற்காக, "முன்னாடி டயரைக் கழட்டிப் பின்னாடி போடுறேன். ஒரே இடத்துலயே ஓடினா ஒரு பக்கமா தேஞ்சு போயிடும். மாத்தி மாத்திப் போட்டா எல்லாம் ஒரே மாதிரி உழைக்கும்" என்றார்.

பட்டாசு அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதே அந்த மனுஷர் வாயைக் கழுவியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை கூடைமேல் ஏறினாள். டயரைப் பற்றிச் சொன்னாள். சொன்னதோடு நின்றிருந்தால் அதுவும் குடையோடு குடையாகப் போயிருக்கும். ஆனால், "அதனால இன்னையிலிருந்து யாரும் பழைய ஜோடியோட மடிக்கக் கூடாது. தினம் ஒரு ஆள் மாறணும். எல்லாரும் எல்லாரோடயும் பழகணும், எல்லாரும் வளரணும்!" என்று உத்தரவு போட்டுவிட்டாள்.

ஐயோ, அன்றைக்கு நடந்ததைக் கேட்காதீர்கள். மடிப்பு ஜோடி என்பது சும்மா வந்து நின்று அமைவதில்லை. யார் இழுப்பது, யார் விட்டுக்கொடுப்பது, யார் நடந்து வருவது என்பதெல்லாம் பேசாமலே பழகிப் பழகி ஊறிப்போன விஷயம். ஒட்டடைக்குச்சிக்குக் கூடத்திலேயே குள்ளமான ஒருத்தி ஜோடியானாள். அவன் கையைத் தூக்க, விரிப்போடு சேர்ந்து அவளும் நுனிக்காலில் எழும்பினாள். இடக்கைக்காரி ஒருத்தி தன் வழக்கப்படி மடிக்க, எதிரே நின்றவள் தன் வழக்கப்படி மடிக்க, விரிப்பு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. எல்லாவற்றையும் விட மோசம் சண்டைக்கோழிகள். அவர்கள் புருஷன் பெண்சாதி. வீட்டில் எதற்காவது முறைத்துக்கொண்டு பேசாமல் வருவார்கள். நாள் முழுக்க எதிரெதிரே நின்று மடித்து, கையோடு கை பட்டு, சாயங்காலம் சிரித்துக்கொண்டே போவார்கள். இப்போது அவரை ஒரு பக்கமும் அவளை ஒரு பக்கமும் பிரித்துப் போட்டதில், சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று தொடங்கிய ஒரு சாதாரணச் சண்டை தீர வழியில்லாமல் நாள்கணக்கில் நீண்டது.

கோணல் மடிப்பு என்று ஒரு ஓட்டலிலிருந்து வண்டி நிறைய விரிப்பு திரும்பி வந்தது. முதலாளி அதையும் பொறுத்துக்கொண்டார். "மாற்றம்னா முதல்ல கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்னு இன்னைக்குக் காலையிலதான் கேட்டேன்" என்றார்.

பெரியக்காதான் பொறுக்கவில்லை. தினமும் ஒரு புது ஆள் அவளுக்கு எதிரே நின்று, "அக்கா, தூக்குங்க! அக்கா, வீசுங்க! என்னக்கா, பாதித் தூக்கத்துல வந்தீங்களா?" என்று கத்தினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நாள் மதியம் நேராக முதலாளி அறைக்குப் போய், இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டு, என் மகள் வீட்டுக்கே போய் இருந்துவிடுகிறேன், பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கிக் கொடு என்றாள்.

'விட்டது சனி' என்றுதான் பட்டாசு முதலில் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும்கூட நிற்கவில்லை. இந்த வீட்டில் அவளைத் திட்டுவதற்கு இனி யார் இருக்கிறார்கள்? வேலை முடிந்து பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? மாமியார் இல்லாத வீட்டில், முதல் பிள்ளை பிறந்தபோது ராத்திரியெல்லாம் மடியில் போட்டு ஆட்டியது யார்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்ததில் சோப்பு போய் எரிந்தது. அதையே சாக்காக வைத்துக்கொண்டு நன்றாக அழுதாள். பெரியக்கா போகக் கூடாது. எப்படியாவது நிறுத்தியாக வேண்டும்.

எப்படி நிறுத்துவது? அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். மறுநாள் கூடைமேல் ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இலையைக் கொட்டிக்கொண்டிருந்தது. மனசில் இருக்கிற பழைய வருத்தத்தையெல்லாம் உதிர்த்துவிட வேண்டும், அப்போதுதான் புதிதாகத் துளிர்க்கும். இதுதான் அவள் சொல்ல வந்தது. பெரியக்காவைப் பார்த்தபடியே, குரல் தழுதழுக்கத் தொடங்கினாள்.

"அந்த மரத்தைப் பாருங்க. பழைய இலை போகணும்னா போகட்டும்னு விட்டுடுது. பிடிச்சு வெச்சுக்கிறதில்ல. பழைய இலை போனாத்தானே புது இலை வரும்..."

டிரையர்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாரு பழைய இலை?" என்றாள் பெரியக்கா.

"ஐயோ அக்கா, நான் அப்படிச் சொல்லலை..."

"புரிஞ்சுது மேடம். உதிர்றதுக்கு இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் மடிக்கலாமா?"

பட்டாசு கூடையிலிருந்து இறங்கினாள்.

அதற்கு மறுநாள் ஒரு ஓட்டலில் பெரிய கூட்டம். மதியத்துக்குள் விரிப்புகள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பார்த்து அன்றைக்கென்று சண்டைக்கோழிகளில் பெண்சாதி வேலைக்கு வரவில்லை. சண்டை முற்றி, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். அன்றைய கணக்கில் பெரியக்காவுக்கு ஜோடி அவள்தான். டிரையர் வாயைத் திறந்து சுடச்சுடக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, பெரியக்கா ஒற்றை முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வேறு வழியே இல்லை. பட்டாசு கூடையிலிருந்து இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்தாள். பெரியக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

டப்!

எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு! தூரத்தில் யாரோ விசில் அடித்தார்கள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று வேகம் பிடித்தது. சூப்பர்வைசராகிப் பல நாள் கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்கள் மடிப்பதையே பார்த்திருந்ததில், பட்டாசுக்கு இப்போது தன் கை செய்வதே வினோதமாகத் தெரிந்தது. மற்ற ஜோடிகளில் இரண்டு பேரும் கையைத் தூக்குகிறார்கள். இங்கே ஒருத்திதான் தூக்குகிறாள். வீசுவதற்கு முன்னால் தன் கால் தானாகவே ஒரு எட்டு முன்னே போய் விரிப்பைத் தளர்த்துகிறது. பிறகு இரண்டு பேர் பலத்தையும் சேர்த்து ஒற்றை ஆளாகச் சுண்டுகிறாள். அதனால்தான் அந்த வெடிச் சத்தம். எதிரே பெரியக்காவின் கைகள் இடுப்பளவுக்கு மேலே வரவே இல்லை. நடந்து போய் மூலையைக் கொடுப்பதும் இவள்தான். குனிந்து மடிப்பை எடுப்பதும் இவள்தான்.

எப்போதிருந்து இப்படி? யோசித்தாள். பெரியக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, "சும்மா லேசா சறுக்கிடுச்சு" என்று சொல்லி, கொஞ்ச நாள் படுத்திருந்து வேலைக்குத் திரும்பினாளே, அப்போதிருந்து. விரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா."

"ம்."

"வலது கை தோளுக்கு மேல வராதுல்ல?"

பெரியக்கா சட்டென்று இரண்டு பக்கமும் பார்த்தாள். டிரையர் இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. "சத்தம் போடாதே. மடி."

"ஏன்க்கா சொல்லலை?"

"சொன்னா? உன் புருஷன் அன்னைக்கே வேலையை நிறுத்திடுவான். அக்கா நீ உக்காந்து டிவி பாரும்பான். நம்ம முதலாளி ஒரு கூடை பழத்தைக் கையில குடுத்து வீட்டுக்கு அனுப்பி வெப்பார். நான் என்னத்தைப் பண்றது, பழத்தைத் தின்னுக்கிட்டு சீரியலைப் பாத்து அழுறதா?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!" பெரியக்காவின் குரல் உடைந்தது. "தெரிஞ்சுதானே நீயே ரெண்டு பங்கும் வீசுன? அவளும் சொல்லலை, நாமளும் சொல்ல வேண்டாம்னு எவ்வளவு நிம்மதியா இருந்தேன். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே என்னைத் தினம் ஒருத்தர்கிட்ட தள்ளி விட்டியே, தூக்குங்க தூக்குங்கன்னு அவங்க வாயில விழுந்து எந்திரிக்கணும்னு விட்டியே, அதைத்தான்டி என்னால தாங்க முடியலை."

"எனக்குத் தெரியாதுக்கா." பட்டாசின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "சத்தியமாத் தெரியாது. என் கைக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

"கைக்குத் தெரிஞ்சது தலைக்குத் தெரியாதா? நடுவுல கழுத்து மட்டும்தானேடி இருக்கு?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து பட்டாசுக்குப் புரையேறியது. "இந்த சூப்பர்வைசர் வேலையே வேண்டாம்னு சொல்லிடுறேன். பழையபடி நானே உங்ககூட மடிக்கிறேன்" என்றாள்.

"செருப்பு பிஞ்சிடும். நீ இங்க வந்து மடிச்சா, நீ பண்ணி வெச்ச குளறுபடியையெல்லாம் யாரு சரி பண்றது? அங்க பாரு, அந்தக் குள்ளச்சி இன்னும் அந்தரத்துல தொங்கிக்கிட்டு இருக்கா."

"அப்போ நீங்களாவது போகாம இருங்க."

"முதலாளிகிட்ட சொன்னது சொன்னதுதான். எனக்கு ஒரே வாய். அழாதே, துவைச்ச ஷீட்டு."

அவ்வளவுதான். அன்றைக்கு வீசின கையோடு பட்டாசு டயர் உத்தரவை ரத்து செய்தாள். சண்டைக்கோழிப் புருஷனை அரை நாள் விடுப்பில் மாமியார் வீட்டுக்கு விரட்டினாள். மறுநாள் இரண்டு கோழிகளும் வந்து ஒரே விரிப்பைப் பிடித்தன. மதியத்துக்குள் சுவருக்கு வண்ணம் முடிவாகிவிட்டது. எல்லாம் பழைய இடத்துக்குப் போயின, பெரியக்காவின் எதிர்முனையைத் தவிர.

அந்த முனைக்கு ஒரு ஆள் வேண்டும். தோள் விஷயம் ஒரு சுடுகுஞ்சுக்கும் தெரியாமல் ஆள் வேண்டும். தினமும் காலையில் பழக்கதோஷத்தில் கூடைமேல் ஏறி நின்றாள். எல்லோரும் மருந்துக்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டார்கள். ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொருவராகக் கையையும் தோளையும் காலையும் பார்த்துவிட்டு, "சரி, போய் மடிங்க" என்று இறங்கிவிட்டாள். குடையும் லிஃப்டுமாகப் போனபோது பயப்படாதவர்களுக்கு இப்போது பயம் வந்துவிட்டது. "பேசாம இருக்காளே, ஆளைக் குறைக்கப் போறாங்களா?" என்று டிரையர்காரரிடம் வந்து விசாரித்தார்கள்.

அப்படிப் பார்த்ததில் எத்தனையோ கண்ணில் பட்டது. ஒருத்தி வலது காலை ஊன்றாமலே நடக்கிறாள்; அவளை நடக்கத் தேவையில்லாத முனைக்கு மாற்றினாள். ஒருவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி ஓரத்தைத் தேடுகிறார். ஜன்னல் பக்கம் நிற்க வைத்தாள். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் ஒட்டடைக்குச்சியிடம் வந்து நின்றது அவள் கண். நெடுநெடுவென்று கை, ஒரு எட்டில் பாதிக் கூடத்தைத் தாண்டுகிற கால். இவனைவிட்டால் வேறு யார்?

அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். தோளைப் பற்றி மூச்சு விடவில்லை. வாய்கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

"இனிமே நீதான் பெரியக்காவுக்கு ஜோடி. அவங்க பொல்லாத கோவக்காரங்க, தெரியும்ல? அவங்களைக் கையைத் தூக்க விட்டேன்னு வெச்சுக்க, அன்னைக்கு முழுக்க உன்னைத் திட்டித் தீர்த்துடுவாங்க. வீசறது, நடக்கறது, குனியறது எல்லாம் நீயே பாத்துக்க. அவங்க சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும்."

"ஐயோ, பட்டாசக்கா, வேற ஆள் கிடைக்கலையா?" அவனுக்கு வியர்த்தேவிட்டது.

பயத்தில் வீசினான் பாருங்கள், முதல் விரிப்பு மேலே போய் ட்யூப்லைட்டைத் தட்டிவிட்டு வந்தது. பெரியக்கா அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பிறகு கூடையருகே எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்ட பட்டாசைப் பார்த்தாள். "கொஞ்சம் கம்மியா வீசுடா. கரண்டு போயிடப் போகுது" என்றாள், அவ்வளவுதான். நாளாக நாளாக அவன் கையும் பழகியது. ட்யூப்லைட் தப்பித்தது. ஆனால் வீட்டில் பெரியக்காவின் பெட்டி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் பட்டாசு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனாள். கேட்க வாய் வரவில்லை. கேட்டு, 'போறேன்' என்று சொல்லிவிட்டால்?

மாதக் கடைசி நாள் வந்தது. முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பெரிய சுவர்க் கடிகாரத்தைப் பளபளவென்று பொட்டலம் கட்டித் தூக்கிக்கொண்டு மடிப்புப் பகுதிக்கு வந்தார். எல்லோரையும் கூப்பிட்டார். பட்டாசு தூணோரமாக ஒண்டிக்கொண்டாள்.

"காலம் யாருக்காகவும் நிக்கிறதில்ல" என்று தொடங்கினார் முதலாளி. "இத்தனை வருஷம் நம்மகூட உழைச்ச பெரியக்கா இன்னையோட நம்மளை விட்டு..."

"எங்க போறேன்?" என்றாள் பெரியக்கா. கையில் விரிப்பின் முனை இருந்தது.

"நீங்கதானே அன்னைக்கு வந்து சொன்னீங்க, இந்த மாசத்தோட..."

"அன்னைக்குச் சொன்னேன். இப்ப இவன் வீசுறான், நான் பிடிக்கிறேன், நடுவுல நீங்க வந்து நிக்கிறீங்க. தள்ளி நில்லுங்க முதலாளி, தலையில விழுந்துடும்."

முதலாளி பேய்முழி முழித்தார். கையிலிருந்த பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"அதைச் சுவத்துல மாட்டிட்டுப் போங்க. இங்க இருக்கிறது ஓடலை" என்றாள் பெரியக்கா. ஒட்டடைக்குச்சி வீசினான். கூடமே சிரித்துக் கைதட்டியது. தூணுக்குப் பின்னால் ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுததை யாரும் கவனிக்கவில்லை.

முதலாளிக்கு ஒரே பெருமை. போகிற போக்கில் பட்டாசை நிறுத்தி, "எதைச் சொல்லி மனசை மாத்தினே? எனக்கும் சொல்லு. இல்ல, நாளைக்கு எல்லாரையும் கூட்டி நீயே ஒரு தடவை பேசிடு, நானும் வந்து கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். பட்டாசுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"முதலாளி நாளைக்குப் பேசச் சொல்றார்க்கா. எதைப் பத்திப் பேசுறது?"

"பேச்சாடி உன்னை சூப்பர்வைசர் ஆக்குச்சு?"

"பின்ன?"

பெரியக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்த மனுஷன் முதல்ல என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார். நான்தான் உன்னைப் போடச் சொன்னேன். வெளியில சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டேன்."

பட்டாசு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளா என் பங்கையும் சேத்து இவ தூக்குறாளே, ஒரு நாளாவது சொல்லிக் காட்டினாளா? இவளை மாதிரி ஒருத்தி இருந்தா இங்க யாருக்கும் எதுவும் வெட்கமா இருக்காதுன்னு நெனச்சேன். அதான் போய்ச் சொன்னேன்."

"ஆனா எனக்குத்தான் அது தெரியவே தெரியாதேக்கா!"

"அதான் அன்னைக்குத் தெரிஞ்சு போச்சே. நல்லா ஏமாந்தேன் போ." தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. பெரியக்கா கைப்பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "சரி விடு. இனிமேலாவது தெரிஞ்சு செய்."